மணிக்கட்டுப் பட்டை

மார்ச் பதினான்காம் தேதி மாலை நாலு பத்துக்கு, தீவின் ஓடுதளத்திலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒரு சிறிய விமானம் கிளம்பியது. பயணிகள் பட்டியலில் இருந்த ஒரே பெயர், தீவின் மின்நிலையத்தில் எஞ்சின்களைக் கவனித்துக்கொள்பவருடையது. விமானம் மேலே எழும்பிய நேரத்தில் அவர் மின்நிலையத்தில், மூன்றாவது எஞ்சினுக்கு எண்ணெய் அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியலை டைப் செய்தவள் அவருடைய மனைவி.

அவளுக்கு வேலை, தீவின் ஆறு கட்டில் ஆஸ்பத்திரியில். நோயாளி வந்ததும் விவரம் எழுதுவது, மணிக்கட்டில் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பட்டை கட்டுவது, காப்பீட்டு நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி ஒப்புதல் வாங்குவது. தீவில் பிறந்தவர்களுக்கு அரசாங்கக் கப்பல் இருந்தது. பெரிய வியாதி என்றால் ஏற்றிப் போய்விடும். மின்நிலையத்துக்கும் மீன் ஆலைக்கும் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு அந்தக் கப்பலில் இடம் கிடையாது. அவர்களுக்கு விமானம். காப்பீட்டின் உறுப்பினர் எண் இருந்தால் விமானம் வரும். இல்லையென்றால் வராது.

மின்நிலையத்து வெல்டருக்கு எண் இல்லை. அவனைக் கூட்டி வந்த காண்ட்ராக்டர் ஏழு மாதமாக, "அடுத்த மாசம் சேர்த்துடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குடல்வால் வெடித்து, வயிறு பலகைபோல இறுகி, அவன் மூன்றாம் கட்டிலில் முழங்காலை மார்போடு மடக்கிக் கிடந்தான். மேலெல்லாம் தீய்ந்த இரும்பின் வாசனை. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"இங்க திறக்க முடியாது. மயக்க மருந்து குடுக்க ஆளில்ல. நாளைக் காலைக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்."

வெல்டரைத் தூக்கி வந்திருந்த அவள் கணவர் பர்சிலிருந்து தன் உறுப்பினர் அட்டையை எடுத்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே உயரம். யாரு உத்துப் பார்க்கப் போறாங்க?"

"பிடிபட்டா?"

"பிடிபட்டா வேலை போகும், ஊருக்குப் போயிடலாம். இவன் உசிர் போனா?"

பல் பிடுங்கவும் கண்ணாடி வாங்கவும் அட்டை கைமாறுவது தீவில் சகஜம். கட்டிலோடு ஓர் ஆளையே அடுத்தவர் பெயரில் அனுப்புவது அதுதான் முதல்முறை. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த நர்ஸ், அறைக்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

ஓடுதளத்துக்குப் போகும் வழியில், ஆஸ்பத்திரி ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து, நிறுவனத்தார் வழக்கமாகக் கேட்கும் ஐந்து கேள்விகளை இருவரும் வெல்டருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெயர். பிறந்த தேதி. ரத்த வகை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான்.

"பொண்டாட்டி பேரு?"

அந்த வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. "எனக்குக் கல்யாணமே ஆகலை அண்ணே. எடுத்த எடுப்புல அண்ணி பேரையா சொல்லணும்? மன்னிச்சுக்கங்க அண்ணி."

"சொல்லித் தொலைடா."

சொன்னான். கடைசிக் கேள்வி, மகளின் வயது. அதையும் சொன்னான். மின்நிலைய வாசலில் கணவர் இறங்கிக்கொண்டார். அவள் அவன் மணிக்கட்டில் பட்டையைச் சுற்றி அழுத்தினாள். டக். ஒருமுறை பூட்டினால் அதைக் கழற்ற முடியாது. கத்தரிக்கோலால் வெட்டத்தான் வேண்டும். கணவரின் பெயர் வெல்டரின் கையில் கறுப்பு எழுத்தில் பளிச்சென்று இருந்தது.

அந்தத் தீவில் முழு அமைதி என்று ஒன்று கிடையாது. மின்நிலையத்தின் மூன்று டீசல் எஞ்சின்களின் முனகல் பகலும் இரவும் மண்ணுக்கடியில் ஓடி, தண்ணீர்க் குழாயிலும் கட்டில் காலிலும் அலமாரியில் அடுக்கிய தம்ளர்களிலும் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வாரம் தலைவலிக்கும், பிறகு காதே அதை மறந்துவிடும். அவள் கணவருக்கு மட்டும் மறக்காது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தலையை இடதுபக்கம் சாய்த்து, "மூணாவது இழுக்குது" என்பார். எழுந்து போய்ப் பார்த்தால் உண்மையிலேயே இழுத்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு முதல் அழைப்பு வந்தது. நோயாளியின் நிலையைக் குடும்பத்துக்குத் தினமும் ஆறு மணிக்குச் சொல்வது நிறுவனத்தின் வழக்கம். இளம் பெண் குரல், மரியாதையான குரல்.

"உங்க கணவருக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது மேடம்."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் செருகிக் காட்டினார். ஆறு வயது மகள், குட்டி, விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு அவர் தொடையில் ஒன்று வைத்தாள்.

பதினாறாம் தேதி அழைப்பில் அந்தக் குரல் கொஞ்சம் தயங்கியது.

"பயப்படாதீங்க மேடம். காலைல அவருக்கு மூச்சு நின்னுபோச்சு. நாலு நிமிஷம். அப்புறம் திரும்பிட்டாரு. இப்பத் தெளிவாப் பேசறாரு. அடையாளச் சரிபார்ப்பும் முடிஞ்சுது, பதினோரு கேள்விக்கும் சரியாப் பதில் சொல்லிட்டாரு."

"பதினொண்ணா?"

"ஆமாம் மேடம். பெரிய ஆபரேஷன்னா பதினொண்ணு."

போனை வைத்துவிட்டு அவள் கணவரிடம் சொன்னாள்: "நாம சொல்லிக் குடுத்தது அஞ்சுதான்."

"பய கெட்டிக்காரன். ஏழு மாசம் என்னோட ஒரே ஷெட்ல கிடந்தான். எல்லாம் காதுல விழுந்திருக்கும்." அவர் தம்ளரை வாயருகே கொண்டுபோய், குடிக்காமல் நிறுத்தினார். "இன்னைக்கு ஒரு கூத்து கேளு. ஏதோ ஃபாரத்துல பிறந்த தேதி எழுதச் சொன்னான். சட்டுனு வரல. பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

"அப்புறம்?"

"அட்டையைப் பார்த்து எழுதலாம்னு பர்சைத் திறந்தேன். அட்டை எங்க இருக்கு? அதான் அவன்கிட்ட இருக்கே." சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அன்று அவர் கழற்றிப் போட்ட சட்டையை வாளியில் முக்கும்போது டீசல் வாசனை வரவில்லை. பத்து வருடமாக அவள் துவைத்துவரும் வாசனை அது; எந்தச் சோப்புக்கும் போகாதது. சட்டையை முகத்தருகே கொண்டுபோனாள். தீய்ந்த இரும்பு. வெல்டர் இல்லாததால் அவரே பற்றவைக்கிறார்போல என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும். அதை அவரிடம் கேட்கவில்லை.

பதினெட்டாம் தேதி மாலை, சாப்பாட்டு மேசைமேல் தொங்கிய பல்பு ஒருமுறை மங்கிப் பிரகாசித்தது. தரையின் அதிர்வு மாறியது. முனகலுக்குள் ஒரு கரகரப்பு, தொண்டையில் சளி கட்டியதுபோல. அவளுக்கே கேட்டது. கணவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எஞ்சின் சத்தம் மாறுதே?"

"என்ன சத்தம்?" என்றார் அவர்.

மணி ஆறு. போன் அடித்தது.

"உங்க கணவர் உங்களோட பேசணும்ங்கறாரு மேடம்."

குழாய் உரசிய தொண்டையிலிருந்து வரும் சன்னமான குரல். வெல்டரின் குரல்தான்.

"ஆபீசரம்மா."

ஃபைலும் முத்திரையுமாகத் திரிகிறாள் என்று அவள் கணவர் வைத்த பெயர் அது. வீட்டுக்குள் மட்டும், அதுவும் குட்டி தூங்கிய பிறகு மட்டும் கூப்பிடுவது.

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"மூணாவது இழுக்குதே," என்றது குரல். "போன்லயே கேக்குது. எவன் பார்த்துக்கறான் அதை?" ஒரு நீண்ட மூச்சு. "குட்டிக்குக் கீழ்ப்பல் ஆடுதே, விழுந்துச்சா? விழுந்தா பத்திரமா எடுத்து வை. நான் வந்துடறேன்."

பல் ஆட ஆரம்பித்தது முந்தின நாள் காலையில். விமானம் போய் மூன்று நாள் கழித்து.

அவள் போனை வைத்தாள். காதுமடல் சில்லிட்டிருந்தது.

"யாரு?"

"வெல்டர். குட்டி பல்லைப் பத்திக் கேக்கறான்."

கணவர் நிமிர்ந்தார். "எந்தப் பல்லு?"

அன்று காலையில்தான் குட்டி அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, நாக்கால் அந்தப் பல்லை முன்னும் பின்னும் தள்ளிக் காட்டியிருந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனதும் அக்காவைத் தனியே அழைத்து, எல்லாவற்றையும் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பிவிடப் போவதாகச் சொன்னாள்.

"புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு? உங்க ரெண்டு பேர் வேலையும் போகும். டாக்டர் உள்ள போவாரு. அந்தப் பையன் இன்னும் ட்யூப்ல கிடக்கான், பாதியில நிறுத்திடுவாங்க. எதுக்கு? பல்லைப் பத்திக் கேட்டான்னா?"

"அக்கா, அது அவர் மாதிரி பேசுது."

அக்கா அவளையே பார்த்தாள். "நல்லாத் தூங்கறியா நீ?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் அனுப்பிவிட்டாள். சிகிச்சை பெறுபவர் என் கணவர் அல்ல, என் கணவர் என்னோடு இருக்கிறார் என்று ஆரம்பித்து ஆறு வரி. அந்த நிறுவனத்திடமிருந்து பதில் வர வழக்கமாக இரண்டு நாளாகும். இதற்கு நாற்பது நிமிடத்தில் வந்தது.

'உங்கள் மெயில் கிடைத்தது. உறுப்பினரின் அடையாளம் பதினோரு கேள்விகளாலும், சேரும்போது பெற்ற கைரேகையோடு ஒப்பிட்டும் உறுதி செய்யப்பட்டுள்ளது. தற்போது உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் நபர் யார் என்பதைத் தெரிவிக்கவும்.'

அவள் கடைசி வரியை மூன்று முறை படித்தாள். வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. மீன் ஆலையின் சங்கு ஊதியது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கணவர் வாசலில் நின்றிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. செருப்பைக் கழற்றாமல், இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, முன்பின் தெரியாத வீட்டில் காத்திருப்பவரைப்போல.

"ஏன் வெளியில நிக்கறீங்க?"

"நீ வரட்டும்னுதான்."

வெயிலில் அவர் முன்னங்கைகள் தெரிந்தன. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிறுசிறு வெள்ளைப் புள்ளிகள். தீப்பொறி விழுந்து ஆறிய தழும்புகள்.

"இது எப்ப ஆச்சு?"

அவர் குனிந்து பார்த்தார். "பழசு," என்றார்.

இருபத்தொன்றாம் தேதி குட்டியின் பல் விழுந்தது. உப்பு நீரில் கொப்பளித்துவிட்டு, பல்லைக் கழுவி, ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து, அவள் வேண்டுமென்றே கணவரிடம் கொடுத்தாள்.

"பத்திரமா வைங்க. நீங்கதான் வைக்கணும்."

அவர் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாட்டினார். அது நிச்சயம்.

இருபத்திரண்டாம் தேதி காலை அவர் எழுந்திருக்கவில்லை. வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மார்போடு மடக்கிக் கிடந்தார்.

ஜீப். மூன்றாம் கட்டில். டாக்டர் கையுறையைக் கழற்றினார். சுவரைப் பார்த்தார்.

"இங்க திறக்க முடியாது."

"டாக்டர், இது இவருதான். உங்களுக்குத் தெரியும்."

"நான் யாருக்குக் கையெழுத்துப் போட்டேன்னு பேப்பர்ல இருக்கும்மா. உங்க கணவருக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு. வெடிச்ச குடல்வால் ரெண்டாவது தடவை வெடிக்காது."

அவள் கம்ப்யூட்டரில் கணவரின் எண்ணை அடித்தாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. 'இந்த உறுப்பினர் வேறு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ளார்.' மறுபடி அடித்தாள். மறுபடி.

அக்கா அவள் தோளில் கை வைத்தாள். "பேரில்லாம கட்டில் குடுக்க முடியாது. ட்ரிப் ஏத்தணும், மருந்து எடுக்கணும், எல்லாத்துக்கும் பேர் வேணும்." குரலைத் தாழ்த்தினாள். "தீவுல இப்பச் சும்மா இருக்கற பேரு ஒண்ணுதான்."

அச்சு இயந்திரம் பட்டையைத் துப்பியது. வெல்டரின் பெயர். அவளேதான் சுற்றினாள். டக்.

பிறகு அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். பொத்தான் மாட்டியபடியே இருந்தது. கழற்றி உள்ளே விரலை விட்டாள். காகிதம் இருந்தது. மடிப்புக் கலையாமல். பிரித்தாள்.

ஒன்றுமில்லை.

அவர் முகத்தருகே குனிந்தாள். வியர்வையிலும் தீய்ந்த இரும்பு.

"உங்க பேரு என்ன? சொல்லுங்க."

சொன்னார். பட்டையில் இருந்த பெயரை.

"இல்ல. நல்லா யோசிங்க. பொண்டாட்டி பேரு?"

வலியை மீறி அந்த உதடு சிரித்தது. கூச்சமாக.

"கல்யாணம் ஆகலைங்க அண்ணி."

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலேயே போனை எடுத்தாள். "நல்ல செய்தி மேடம். நாளைக்கு மூணரைக்கு விமானம். உங்க கணவரைக் கூட்டிட்டு வர்றோம்."

வரும் விமானம் திரும்பிப் போகும். அதில் ஒரு கட்டில் காலியாக இருக்கும். அந்த எண்ணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் விடியும்வரை கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். காலையில் டாக்டரிடம் கெஞ்சினாள். அவர் ஜீப்பை மட்டும் கொடுத்தார்.

மூன்றரை மணி. காற்று. சூடான தார் வாசனை. ஜீப்பின் பின்னால் அவர் முனகிக்கொண்டு படுத்திருந்தார். குட்டி அவள் கையைப் பிடித்திருந்தாள்.

விமானக் கதவு திறந்தது. ஒருவன் வயிற்றில் கை வைத்து மெதுவாகப் படியிறங்கினான். வெல்டரின் முகம். வெல்டரின் புருவத் தழும்பு. கடைசிப் படியில் நின்று, தலையை இடதுபக்கம் சாய்த்து, எதையோ கேட்டான்.

"மூணாவது," என்றான். "இன்னும் இழுக்குது."

ஜீப் டிரைவர் ஓடிப்போய்ப் பையை வாங்கினார். "வாங்க சார், வாங்க. எமனையே ஏமாத்திட்டு வந்துட்டீங்க!"

குட்டி கையை விடுவித்துக்கொண்டாள்.

"குட்டி. நில்லு."

நிற்கவில்லை. "அப்பா! பல்லு விழுந்துடுச்சு!"

"தெரியும்டா செல்லம்," என்றார் அவர்.

அவள் விமானத்தை நோக்கி ஓடினாள். கதவை மூடிக்கொண்டிருந்த பணியாளரின் கையைப் பிடித்தாள்.

"இன்னொரு நோயாளி. ஜீப்ல. குடல்வால். செத்துடுவாரு. ஏத்திக்கங்க."

"நம்பர் சொல்லுங்கம்மா."

சொன்னாள். அந்த ஆள் கையிலிருந்த திரையில் அடித்துப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால், குட்டியின் கையைப் பிடித்து நின்றவரைப் பார்த்தான்.

"இவரை இப்பத்தானே இறக்கினோம்."

"அது அவர் இல்ல."

"அவருக்கு வேற நம்பர் இருக்கா?" என்று ஜீப்பைக் காட்டிக் கேட்டான்.

இல்லை.

விமானம் நாலு பத்துக்குக் காலியாகக் கிளம்பியது.

மூன்றாம் கட்டில் நோயாளி ஐந்து இருபதுக்கு இறந்தான். இறப்புக் குறிப்பை அவள்தான் டைப் செய்தாள். தொழில்: வெல்டர். திருமணம்: இல்லை. உறவினர்: இல்லை. அக்கா கையெழுத்திட்டாள். டாக்டர் கையெழுத்திட்டார்.

வீட்டில் விளக்கெரிந்தது. எஞ்சின்களின் முனகல் சீராகியிருந்தது; வரும் வழியில் அவர் மின்நிலையத்தில் இறங்கி, மூன்றாவது எஞ்சினைச் சரிசெய்துவிட்டு வந்ததாகக் குட்டி சொன்னாள். நாற்காலிக் கையில் தொங்கிய சட்டையில் டீசல் வாசனை. மேசைமேல் பெரிய ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் பை, அதன்மேல் ஒட்டிய சீட்டு. நோயாளியின் உடைமைகள்: பர்ஸ் ஒன்று. உறுப்பினர் அட்டை ஒன்று. பால்பல் ஒன்று.

ஆறு மணி. போன்.

"உங்க கணவர் பத்திரமா வந்து சேர்ந்துட்டாரா மேடம்?"

எதிரே அவர். அவர் மடியில் குட்டி, ஓட்டைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

"மேடம்?"

"வந்துட்டாரு."

"ஃபைலை முடிக்க ஒரே ஒரு கேள்வி. உங்க கணவர் பேரு?"

அவள் சொன்னாள்.

யாரோ கூப்பிட்டதுபோல அவர் நிமிர்ந்தார். "ம்?" என்றார். பிறகு வலது கையை மேசைமேல் நீட்டினார். மணிக்கட்டில், ஒன்பது நாளுக்கு முன் அவள் கட்டிய பட்டை.

"இதை வெட்டி விடேன், ஆபீசரம்மா."

அவள் அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து வெட்டினாள். மூன்றாம் கட்டிலில் கிடந்தவனின் பட்டையை யாரும் வெட்டவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு, தீவின் வடக்கு முனையில், அதோடு அவனைப் புதைத்தார்கள்.